கெங்கம்மா வரிசை

நேற்று நீங்கள் வாங்கிக் கொடுத்த மோரை நான் தொடாமல் வைத்துவிட்டு வந்ததைத் தப்பாக நினைக்க வேண்டாம், மேடம். மத்தியானத்துக்கு மேல் மோர் குடித்தால் எனக்குச் சளி கட்டிக்கொள்ளும். மற்றபடி உங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. சான்று கொடுக்கிற சங்கத்திலிருந்து வந்தவர்களில், இந்த வெயிலில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டவர் இதுவரை நீங்கள் ஒருவர்தான். நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதிக் கொடுப்பதுதான் இருபது வருஷத்துக்கும் மேலாக என் தொழில். ஊராருக்காகவே எழுதிப் பழகிய கை, எனக்கென்று ஒரு தாளை எடுத்தபோது கொஞ்சம் தயங்கியது. அதனால்தான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

என் பெயர் பாஸ்கல். ராயபுரத்தில் பிறந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். என் மனைவி செல்லமேரிக்குச் சவுக்குமேடு சொந்த ஊர். காத்திவாக்கத்திலிருந்து படகேறி முகத்துவாரத்தைத் தாண்டினால் வரும் முப்பத்தோரு வீட்டுக் குப்பம் அது. கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேயே தங்கிவிட்டேன். தினமும் படகேறி, ரயிலேறி, தாலுகா ஆபீஸ் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து மனு எழுதினேன். ஊரில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ரைட்டர் என்றால் நான்தான்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சவுக்குத் தோப்பை அரசாங்கம் நட்டதாகத்தான் ரிக்கார்டு சொல்லும். கன்று கொடுத்தது அரசாங்கம். நட்டது பெண்கள். புயலில் பாதிக் குடிசை பறந்துபோன ஒரு வருஷம், வீட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டு, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் சுமந்துவந்து ஊற்றி வளர்த்தார்கள். அன்றிலிருந்து மரம் அரசாங்கத்துடையது, வரிசை வீட்டுடையது. வரிசையில் விழுகிற சருகும் சுள்ளியும் அந்த வீட்டு அடுப்புக்கு. கல்யாணப் பந்தலுக்குக் கால் வேண்டுமானால் அவரவர் வரிசையில்தான் வெட்டலாம். அடுத்தவர் வரிசையில் ஒரு கை சருகு அள்ளினாலும் தெருவே இரண்டுபடும். போன வாரம் நீங்கள் விசாரித்த கெங்கம்மாவின் வரிசை வடக்கு ஓரத்தில், மாட்டுவண்டிப் பாதை வரைக்கும் நீண்டிருந்தது.

நிலம் புறம்போக்கு. யாருக்கும் பட்டா கிடையாது. அதற்குப் பதிலாக எங்களிடம் பி மெமோ இருந்தது. புறம்போக்கை அனுபவிக்கிறவர்களுக்கு வருவாய்த் துறை வருஷா வருஷம் கொடுக்கிற அபராத நோட்டீஸ் அது. அபராதம் வந்தால் மற்ற ஊரில் முகம் சுளிப்பார்கள். சவுக்குமேட்டில் மெமோ வராத வருஷம்தான் பயந்து என்னிடம் ஓடிவருவார்கள். கட்டிய ரசீதுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, முகூர்த்தப் புடவை மடிப்பில் பத்திரப்படுத்துவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், வீட்டில் எத்தனை வருஷத்து மெமோ இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அபராதம் வாங்கியதன் மூலம் நாம் இங்கே இருக்கிறோம் என்று சர்க்காரே ஒத்துக்கொண்டது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இன்றைக்கும் அது தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் தோப்பைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. துடைப்பத்துக்கும் பிரஷ்ஷுக்கும் கைப்பிடி செய்து கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. வாங்குகிறவர்கள் உங்கள் சங்கத்தின் சான்று கேட்டார்கள். இந்த மரம் ஒழுங்காகப் பராமரித்த காட்டிலிருந்து வந்தது, இதற்காக யார் உரிமையும் பறிபோகவில்லை என்று ஒரு முத்திரை. மேனேஜர் தங்கப்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். தாலுகா ஆபீஸ் மரத்தடிக்கே வந்து, உங்கள் விதிப் புத்தகத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, இந்த வேலை முடிந்ததும் எங்களிடமே வந்துவிடுங்கள், மேஜை, ஃபேன் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார். நடந்ததற்கும் அந்த மேஜைக்கும் சம்பந்தம் இல்லை. எப்படியும் உங்கள் காதுக்கு வரும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்தகத்தை மூன்று வாரம் எழுதினேன். மூன்றாவது பகுதிக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நிலத்தை ஜனங்கள் நெடுங்காலம் அனுபவித்து வந்திருந்தால் அதுவும் உரிமைதான். அவர்கள் மனதார ஒப்புக்கொள்ளாமல் அங்கே ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது. கோயில், சமாதி இருந்தால் வேலி கட்டிக் காப்பாற்ற வேண்டும். யாரோ ஒருவர் கெங்கம்மாவுக்காகவே உட்கார்ந்து எழுதியதைப் போல இருந்தது. தாலுகா ஆபீஸில் மதிப்பில்லாத அந்த அபராத ரசீதுக்கு உலகத்தில் மதிப்புள்ள இடம் ஒன்று உண்டென்றால் அது உங்கள் புத்தகம்தான். அதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான்.

ஆகவே யோசித்தேன். ரசீதுகளை எடுத்துக் காட்டினால் முப்பத்தோரு வீட்டோடும் கம்பெனி பேச வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார்கள், இழுபறியாகும், சான்று தள்ளிப்போகும். கம்பெனி சலித்துப்போய்க் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு அந்த மேட்டில் எவனாவது வந்து நிலக்கரிச் சாம்பலைக் கொட்டுவான், அல்லது மணல் அள்ளுவான். எண்ணூர்ப் பக்கம் எத்தனை இடம் அப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். சான்று வாங்கிய காடு என்றால் வெட்டினாலும் திரும்ப நடுவார்கள். தோப்பு இருக்கும். வரிசைதான் இருக்காது. தோப்பா வரிசையா என்று கேட்டால் தோப்பு என்றுதானே படித்தவன் சொல்வான். தங்கப்பாண்டி இதில் எதையும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் யோசித்தேன்.

பெங்களூரிலிருந்து ஆய்வாளர் வருவதற்கு நான்கு நாள் முன்பு வீடு வீடாகப் போனேன். வருகிறவர் அரசாங்கத்துக்கும் மேலே இருக்கிறவர், தோப்புக்குள் போகிறீர்களா என்று கேட்பார், போகிறோம் என்று சொன்னால் ஆக்கிரமிப்புக் குற்றத்தை வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும், ரசீதைக் காட்டினால் அதுவே சாட்சி ஆகிவிடும் என்று சொன்னேன். அபராத ரசீதை வைத்து அத்தனை வருஷமும் நான் கொடுத்த தைரியத்தை, அதே ரசீதை வைத்து ஒரே சாயங்காலத்தில் திரும்ப வாங்கிக்கொண்டேன். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருத்திகூட எதிர்த்துக் கேட்கவில்லை.

கெங்கம்மா மட்டும் மடியிலிருந்த வலையை இறக்கிவிட்டு, ரசீதுக் கட்டை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள்.

"இன்னா ரைட்டரே, இது இருந்தா நம்ம எடம்னு நீதான சொன்ன. இப்ப இதுவே நம்மள புட்ச்சி குட்துடும்னு சொல்ற."

"சட்டம் மாறிடுச்சு கெங்கம்மா."

"மாறிட்ச்சா. செரி, நீ சொன்னா செரிதான். இங்க வெச்சிகினு இருந்தா எனுக்கு பேஜாரு. நீயே எட்த்துனு போயிடு."

அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்துவிட்டார்கள். ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன, மேடம். முப்பத்தோரு வீட்டு ரசீதும் வீட்டுவாரியாகக் கட்டி, கம்பெனி அறையில் என் பீரோவில் இருக்கிறது. சாவி இந்தத் தாளோடு இணைத்திருக்கிறேன். ஒரு துண்டுகூடச் செல்லரிக்கவில்லை.

ஆய்வாளர் வந்த நாளில் வலைக் கொட்டகைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டோம். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தது நான். அவர் கேட்டதிலோ பெண்கள் சொன்னதிலோ ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. வேண்டுமானால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தோப்பில் சருகு எடுப்பதுண்டா என்று கேட்டார். இல்லீங்க என்றார்கள். மரம் யார் நட்டது என்றார். தெர்லீங்க என்றார்கள். குடம் சுமந்த தோளோடு வரிசையாக உட்கார்ந்துகொண்டு, நாங்க அந்தப் பக்கம் போறதே கெடையாது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர். திரும்பத் திரும்ப, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

கடைசியாகத்தான் அவர் கேட்டார், தோப்புக்குள் கோயிலோ சமாதியோ யாரையாவது புதைத்த இடமோ உண்டா என்று.

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். போன வாரம் வண்டிப் பாதை ஓரத்தில் வெறும் மணல்மேல் பாலும் பூவும் இருப்பதைப் பார்த்து, கெங்கம்மாவை விசாரித்திருக்கிறீர்கள். என் பொண்ணு இங்க கீது, ரைட்டரக் கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் பழைய அறிக்கையில் சமாதி எதுவும் இல்லை என்று இருக்கிறது. எப்படி என்று கேட்டீர்கள்.

அந்தப் பெண் மதி. எண்பத்தொன்பது ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் போனாள். ஐந்து வயது. அடை மழை, முகத்துவாரத்தில் வெள்ளம், காத்திவாக்கம் சுடுகாட்டுக்குப் படகு போகாது. சின்னப் பிள்ளையை அவ்வளவு தூரம் எதற்குக் கொண்டுபோக வேண்டும், நம் வரிசையிலேயே இருக்கட்டும் என்று அவள் அப்பன் துரை சொன்னான். பாதைப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது மரத்தடி. குழி தோண்டியது இரண்டு பேர். துரை ஒருவன். அவன் பிறகு கடலில் போய்விட்டான். இன்னொருவன் நான்.

எனக்குப் பிள்ளை இல்லை, மேடம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதும்போது அந்தக் குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் பேனா மூடியைக் கடிக்கும். திட்டினால் சிரிக்கும். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. கையாலேயே இறைத்தோம்.  என்னைக் கல்நெஞ்சன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சமாதி உண்டா என்று நான் தமிழில் கேட்டதும் எல்லோரும் கெங்கம்மாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். புருஷன் இல்லாதவள், வயது முதிர்ந்த மாமியார் வேறு வீட்டில். அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் கதி என்ன என்று அவளே கவலைப்பட்டிருந்தாள். வேண்டாம் என்பதுபோல நான் லேசாகத் தலையை ஆட்டினேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இல்ல சார், அங்க யாரும் இல்ல என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் சோறு தின்னவில்லை என்று செல்லமேரி சொன்னாள். தாய் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டேனே என்று அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாளாம். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சான்று வந்தது. எனக்கு வேலையும் வந்தது. மக்கள் தொடர்பாளர் என்று ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி அறையில் உட்கார்ந்தேன். வேலி போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தக் குழந்தையின் நாளில், காவல்காரனிடம் சொல்லி அவளைக் கொஞ்ச நேரம் உள்ளே விட ஏற்பாடு செய்ததும் நான்தான். ஃபைலில் அது இருக்காது.

இரண்டாயிரத்து மூன்றில் வடக்குப் பகுதியை வெட்டப்போவதாகத் தெரிந்ததும் அவள் என் மேஜைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரைட்டரே, ஒரு மனு எய்தணும். எல்லா மரமும் வெட்டிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு மரத்த மட்டும் வுட்டுடச் சொல்லு. வேரு புள்ள மேலதான சுத்திகினு கீது. புடுங்குனா புள்ளயும் சேந்து வந்துடும்."

அவள் சொன்னது நியாயம். சவுக்கை வெட்டுவது மட்டும் இல்லை, தூரோடு மெஷின் வைத்துப் பிடுங்குவார்கள். ஆனால் ஒரு மரத்தை விட வேண்டுமென்றால் ஏன் என்று ஃபைலில் எழுத வேண்டும். சமாதி என்று எழுதினால் முதலில் சொன்னது பொய்யாகும். அவள் சொன்னது பொய் என்றால் முப்பத்தோரு பேர் சொன்னதும் பொய். ஒரு ஊரே பொய் சொன்னதாக ரிக்கார்டில் ஏறிவிடும். அந்த அவமானத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றுகிற பொறுப்பு எனக்கு இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வடக்குப் பகுதியை வெட்டப் பக்கத்துக் குடியிருப்பு சார்பில் ஒருவர் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி, அந்தக் கடிதத்தில் கெங்கம்மாவின் கைநாட்டு எப்படி வந்தது என்பது. அவளேதான் வைத்தாள், யாரும் கையைப் பிடித்து அழுத்தவில்லை. அவள் நின்றுகொண்டே சொன்னாள், நான் எழுதினேன். வடக்குப் பகுதியை வெட்டுவதில் எனக்கும் என் குடும்பத்துக்கும் எந்த ஆட்சேபணையும் இல்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன். மரம், வேர், பிள்ளை, எல்லாம். கேட்டுக்கொண்டே அழுதாள். நான் சொன்னத வுட நீ எய்தனது நல்லா கீது ரைட்டரே என்றாள். பிறகு கட்டை விரலை நீட்டினாள்.

பத்து நாள் கழித்து மெஷின் வந்தது. அவள் வேலிக்கு வெளியே நின்றாள். மனு கொடுத்திருக்கிற நம்பிக்கையில் நின்றாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சத்தம் போடவில்லை. மூன்றாவது மரம் சாய்ந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி எதுவும் வெளியே வரவில்லை. ஈர மணல், பதினாலு வருஷம். வேரும் மணலும்தான் வந்தன. மேலிடத்தில் யாரும் மனுவை மதிக்கவில்லை கெங்கம்மா என்று சொன்னேன். நீ இன்னா பண்ணுவ என்று என்னையே தேற்றினாள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசை இருந்தவரைக்கும் மரத்தை எண்ணி இடத்தைக் கண்டுபிடிப்பாள். மெஷின் தரையை நிரவிவிட்டுப் போன பிறகு எல்லாம் ஒரே மணல். வேலை முடிந்து ஆள் போன நேரம் பார்த்து வேலிக்குள் நுழைந்து, பத்தடி நடப்பாள், நிற்பாள், குனிந்து மண்ணைத் தொடுவாள், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பக்கம் போவாள். மூன்று நாள் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை, மேடம். நான்காம் நாள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான தோண்டுன. எங்கன்னு நீயே சொல்லு ரைட்டரே. எனுக்கு எடம் தெரியல. பெத்தவளுக்கே தெரியல."

நான் எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் முழுசாக எழுதாத வாக்குமூலம் எனக்குப் பிடிக்காது. எனக்கு இடம் தெரியும். ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். அங்கேதான் அடுத்த வாரம், வெட்டிய மரத்தை அடுக்கிக் காயப்போட சிமெண்ட் மேடை கட்டப்போகிறோம் என்று என் மேஜையில் வரைபடம் இருந்தது. அவளிடம் அதைக் காட்டியிருந்தால் மேடைக்குக் குறுக்கே படுத்திருப்பாள். அதனால் வேலியைத் தாண்டி, வண்டிப் பாதை ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார்கள் கெங்கம்மா, உன் வரிசையின் முனை வெளியேதான் இருந்தது, மூன்றாவது மரம் இதோ இங்கே என்று காலால் ஒரு கோடு போட்டேன். அவள் அந்த இடத்தில் விழுந்து, மணலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஆத்தா, உன்ன காணாம இன்னா பாடு பட்டேன் தெரியுமா என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

மேடை கட்டியாகிவிட்டது. நேற்று நீங்கள் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்ட இடம் அதுதான். மதி அதற்குக் கீழே, தெற்கு மூலையில் இருக்கிறாள்.

செல்லமேரி இப்போது காசிமேட்டில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு மூட்டு வலி, அங்கே ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது. ஊரில் வேறு யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. கெங்கம்மா வெள்ளிக்கிழமைதோறும் பாதை ஓரத்துக்குப் பாலும் பூவும் கொண்டுபோகிறாள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, வேலி இல்லை, காவல்காரன் இல்லை. இப்போதெல்லாம் அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு நான் செய்தது துரோகம் என்று நீங்கள் முடிவு கட்டினால், அந்தத் தூக்கத்தையும் சேர்த்து எடை போட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை அனைத்தும் நான் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியவை. பாதிக்கப்பட்டவருக்கு இதைப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது உங்கள் விதி என்றீர்கள். அதற்கு வெளியாள் யாரையும் அனுப்ப வேண்டாம், எனக்கே சொல்லி அனுப்புங்கள். வேறு யார் படித்தாலும் கெங்கம்மா நம்ப மாட்டாள்.